அக்கா கல்லூரிக்குத் தயாரான கோடை

அப்பா இறந்த பிறகு அம்மா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் ரெண்டாம் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினாள். நான் பள்ளிவிட்டு வரும்போது அவள் மில் வண்டியில் ஏறிப் போயிருப்பாள். அதனால் என் சாயங்காலங்கள் முழுக்க அக்காவோடுதான். சோறு போடுவதும், சடை பின்னுவதும், கரண்டு போனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்வதும் அவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்தேன், அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அந்தக் கோடையில், வசதியில்லாத பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற ஒரு குழு திண்டுக்கல்லில் இலவச வகுப்பு நடத்தியது. ஆங்கிலம் பேசவும் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் சொல்லித் தந்தார்கள். தேறுகிறவர்களுக்கு ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அவர்களே கட்டுவார்கள். காலையில் டவுன் பஸ்ஸில் போகும் அக்கா வெயில் தாழத்தான் திரும்புவாள்.

திரும்பியவள் பழைய அக்காவாக இல்லை. சடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சீப்பை என் கையில் திணித்தாள்.

"நீயே போடு புள்ள. நான் எம்புட்டு நாளைக்குப் போட்டுவிட முடியும்?"

உலை வைக்க, கஞ்சி வடிக்க, கேஸை மூட என்று எல்லாவற்றுக்கும் என்னை ஏவிவிட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நாலு எழுத்து கூடப் படித்ததும் அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டதென்று கொல்லையில் மேய்கிற எங்கள் கோழிகளிடம் புகார் சொன்னேன். கேட்பதற்கு அவைதான் இருந்தன.

வகுப்பு முடியும் சமயத்தில், அந்தக் குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மேடம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அம்மா லீவு போட்டிருந்தாள். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு மேடம் என்னைப் பார்த்தார்.

"கோயம்புத்தூர்ல சீட் கெடச்சா பெரியவ போயிடுவா. சாயங்காலம் சின்னவ யார்கூட இருப்பா?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்காதான் பதில் சொன்னாள். "தனியா இருந்துக்குவா மேடம். சோறு வைப்பா, சடை போட்டுக்குவா. எல்லாம் பழக்கிட்டேன்."

"பயமா இருக்காதா பாப்பா?"

அத்தனை நாள் கழித்து அக்கா என்னைப் பெருமையாகப் பேசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கென்ன பயம்?" என்றேன். யாரும் சொல்லாமலே அடுப்படிக்கு ஓடிப்போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஆவணியில் அவள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். எங்கள் ஒற்றை அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. சோறு வைத்தேன், சாப்பிடத்தான் பிடிக்கவில்லை. கதவைத் தாழிட்டு, டிவியைச் சும்மா ஓடவிட்டு, மில் வண்டிச் சத்தத்துக்காகக் காத்துக்கிடந்தேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தையின் போனில் அக்கா கூப்பிட்டாள்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"தேடுதா என்னைய?"

மறுபடியும் அவள் என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். "இல்லக்கா. நீ இல்லாட்டியும் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சிக்னல் போய்விட்டதென்று நினைத்து, போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.