ஃபஹ்மிதா லாத்தாவின் கஞ்சிக் கட்டுரை

டாக்டர் ஃபஹ்மிதா என் பெரியம்மா மகள், எனக்கு லாத்தா, அதாவது அக்கா. கூத்தாநல்லூரில், லெட்சுமாங்குடி பாலத்துக்குப் பக்கத்தில் கிளினிக். காலையில் நடவுக்குப் போகிறவர்கள், சாயங்காலம் கடைத்தெருக்காரர்கள் என்று கூட்டம் ஓயாது. வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கும் உட்கார்ந்து மருத்துவக் கட்டுரை எழுதுவார். ஆதாரம் இல்லாமல் ஒரு மாத்திரைகூட எழுதித்தர மாட்டார். மாமியாரின் கை வைத்தியத்துக்கும் ஆதாரம் கேட்டதில் வீட்டில் கொஞ்சம் புகைச்சல் உண்டு.

நானும் டாக்டர்தான், இங்கிலாந்தில், லெஸ்டரில். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். இந்தக் குணத்தைத் திறமை என்று நம்பி, சர்க்கரை நோய்க்கான மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், வருகிற கட்டுரைகளை வெளியிடுமுன் சரிபார்க்கும் மதிப்பாய்வாளனாக என்னை வைத்திருக்கிறார்கள். எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்குத் தெரியாது. பெயர் தெரியாத இடத்தில் எனக்கு வீரம் வந்துவிடும்.

ஒருநாள் ஒரு கட்டுரை வந்தது. காவிரி டெல்டாவில் நோன்பு வைக்கும் நோயாளிகளுக்குப் பள்ளிவாசல் கஞ்சி குடித்தபின் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்ற ஆராய்ச்சி. லாத்தாவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. டெல்டாவில் வேறு டாக்டரே இல்லையா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பார்த்தால், ஒரே ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் சர்க்கரை எகிறியிருந்தது. "கருவிப் பழுது. அந்த நாளை நீக்காவிட்டால் வெளியிடத் தகுதியில்லை" என்று கான்வென்ட் ஆங்கிலம் மொத்தத்தையும் இறக்கி அனுப்பினேன்.

மறுவாரம் லாத்தாவிடமிருந்து போன்.

"தம்பி, நீயும் ரிவியூ பண்றவன்தானே, ஒரு நியாயம் சொல்லு. எவனோ ஒருத்தன், பொண்டாட்டிகிட்ட வாயத் திறக்க முடியாதவன் போல, மொத்தக் கோவத்தையும் என் கட்டுரையில கொட்டியிருக்கான்."

"அப்படியா லாத்தா?"

"மெஷின் பழுதாம்! மறுநாள் அதே மெஷின் ஒழுங்காத்தானே காட்டுச்சு? கிண்ணமும் அதே கிண்ணம். இந்த நோன்புக்கு முன்னாடி வந்தாத்தான் மத்த டாக்டருங்களுக்கு உதவும். இல்லேன்னா இந்த வருஷமும் சனங்க சர்க்கரை ஏறிப்போயி வாசல்ல வந்து நிப்பாங்க."

"எந்த நோன்பு அன்னிக்கு ஏறுச்சு?"

"பதினேழு."

எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு குடும்பம் கஞ்சி கொடுக்கும். பதினேழாம் நோன்பு என்னுடையது. போன வருடம், கஞ்சி காய்ச்சும் யூனுஸ் அண்ணனை லெஸ்டரிலிருந்து போனில் கூப்பிட்டு, "தண்ணியா இருக்கக் கூடாதுண்ணே, கரண்டிய நட்டா நிக்கணும்" என்று சொன்னவன் நான். நின்றிருக்கிறது. கிண்ணம் அதேதான், உள்ளே அரிசிதான் இரண்டு மடங்கு.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கட்டுரை போகும். எனக்கு மானம் ஏற்கெனவே கொஞ்சம்தான் மிச்சம்.

"லாத்தா, மெஷின் பழுதில்ல. அன்னிக்கு என் கஞ்சி." திக்கித் திக்கிக் கரண்டிக் கதையைச் சொன்னேன்.

"அட, இது தெரியாமப் போச்சே! சரி, அதுக்கு நீ ஏன் இப்படித் திக்குறே?"

"அந்த மெஷின் பழுதுன்னு எழுதினது..." என்று இழுத்தேன்.

"அடப்பாவி! அவன் நீதானா?"

"ஆமா லாத்தா."

"பொண்டாட்டி விஷயம் சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

எழுதியவர் என் லாத்தா, எகிறியது என் கஞ்சி என்று இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். இப்படியொரு சொந்தத் தொடர்பை யாரும் அறிவித்ததில்லை போலிருக்கிறது. நன்றி சொல்லி என்னை உடனே விலக்கிவிட்டார். புது மதிப்பாய்வாளர் என்னைவிட நல்ல தூக்கம் தூங்குகிறவராக இருக்க வேண்டும், சீக்கிரமே முடித்துக் கொடுத்தார். நான் நீக்கச் சொன்ன நாளை வைத்தே லாத்தா ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்: கிண்ணத்தைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள், கஞ்சி எவ்வளவு கெட்டி என்று நோயாளியிடம் கேளுங்கள். நோன்புப் பிறை பார்ப்பதற்குள் கட்டுரை வெளிவந்துவிட்டது.

இந்த வருடம் கஞ்சியை இளக்கமாகக் காய்ச்சச் சொன்னேன். லெஸ்டர்க்காரருக்கு வேலை போய்விட்டதா என்று ஊரில் விசாரிக்கிறார்களாம். லாத்தாவிடம் முறையிட்டேன்.

"கேட்டா கேட்டுட்டுப் போறாங்க. இந்தத் தடவ பேஷண்டுங்க சர்க்கரை ரீடிங்கெல்லாம் அழகா வந்திருக்கு, போனை வையி" என்றார்.