மருந்தடித்த கொல்லை

நாய்க்குக் கால் கழுவி விடுகிற பெண் என்று எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். சண்டை போட்டு வாங்கிய பெயர் அது.

அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். காலையில் பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது என் வேலை. எங்கள் மக்காச்சோளக் கொல்லை நடுவில்தான் வழி. போகவும் வரவும் எங்கள் நாய் ஜிம்மி கூடவே இருக்கும். அந்த ஐப்பசியில் ஒருநாள் அது வாயில் நுரை தள்ளி, கால் உதறிக்கொண்டு வாசலில் விழுந்தது. ஊசி போட்டுப் பிழைக்கவைத்த மாட்டு டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மருந்தடிச்ச கொல்லையில நடந்துட்டு வந்து காலை நக்கியிருக்குது. இனிமே அடிச்ச அன்னிக்கு அந்தப் பக்கம் வுடாத. வெளிய போய்ட்டு வந்தா சோப்புப் போட்டுக் கால் கழுவிடு."

பூச்சிமருந்து அடிப்பவர் சித்தப்பா. எப்போது மழை விடுகிறதோ அப்போது அடிப்பார். அடித்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"உங்கிட்ட உத்தரவு வாங்கிக்கினுதான் அடிக்கணுமா? நாயைக் கட்டிப் போட்டுட்டுப் போடி."

"கட்டினா நானும் போவமாட்டேன்."

அப்பா கையை ஓங்கினார். நான் பால் கேனோடு ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் சுற்றிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் சொசைட்டியை மூடிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. அத்தனை பாலும் வீட்டில் தயிராயிற்று. அப்பாவிடம் அடி விழுந்தது. வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி நடுவாசலில் ஜிம்மிக்குக் கால் கழுவினேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள்.

தயிர் தின்று சலித்ததாலோ என்னவோ, ஒருநாள் சித்தப்பா கொல்லை முனையில் குச்சி நட்டு, தன் பழைய சிவப்புத் துண்டைக் கட்டிவைத்தார். மருந்தடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பின் துண்டு பறக்கும் நாட்களில் முன்னதாகவே கிளம்பி ஏரிக்கரை வழியாகப் போவேன். ஜெயித்துவிட்ட திமிர் நடையில் தெரியும். கரை மேலிருந்து பார்த்தால் கொல்லை முழுதும் கண்ணுக்குள் வரும். அம்மா அந்தச் சிவப்புத் துண்டைத் தாண்டி, களை பிடுங்க வெறுங்காலோடு சோளத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பாள். ஜிம்மியைக் காட்டி அவளுக்குக் கையாட்டுவேன்.

அந்தத் துண்டு அவளுக்கும்தான் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரையும் எதிர்த்து நின்ற எனக்கும் தோன்றவில்லை.