பால்கனியில் கைகாட்டியவர்

அந்த டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி சமாதானப் பரிசு வாங்க ஒஸ்லோவுக்கு வந்தார். எங்கள் ஊரில் போர் மே மாதத்தோடு முடிந்திருந்தது. அதுவரை இங்கே, ஒஸ்லோவில், பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தியதில் எனக்குத் தொண்டையே போய்விட்டது. இனி எவருக்காகவும் குளிரில் நிற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

என் கணவர் விடவில்லை. போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்த அவருடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

“கறுப்பருக்கு பஸ்ஸிலையே வேறை சீற் வைச்சிருந்த நாடு. அங்கை ஜனாதிபதியா வந்த மனுசனுக்கு உரிமை எண்டால் என்னெண்டு நாங்கள் சொல்லிக்குடுக்க வேணுமே? எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார், பாரும்” என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்த மாமியிடமும் தொலைபேசியில் இதையே சொல்லிவைத்தார்.

பகலில் ஜனாதிபதி உரையாற்றியபோது நாங்கள் இருவரும் வேலையில் இருந்தோம். முதியோர் இல்லத்தில் நான் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் தீப்பந்த ஊர்வலம். ஜனாதிபதி ஹோட்டல் பால்கனிக்கு வருவார் என்றார்கள். அங்கே கட்டாயம் பேசுவார் என்று கணவர் நம்பினார். நானும்தான். எங்கள் கூட்டங்களில் பிரதம விருந்தினர் பேசாமல் இறங்கியதை யார் கண்டது? மைக்கைப் பிடித்தால் பறித்துத்தான் எடுக்க வேண்டும்.

கால் விறைக்க நின்றோம். ஜனாதிபதி மனைவியோடு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்தார், கைகாட்டினார், உள்ளே போய்விட்டார். நோர்வேக்காரர் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

“பொறும், மைக் பூட்டுறாங்களாக்கும்” என்றார் கணவர்.

பந்தம் அணைந்த பிறகும் நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ரயிலேறி, மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டில், பகல் உரையை மறுஒளிபரப்பில் பார்த்தோம். ஜனாதிபதி, முன்பு இதே நகரில் இதே பரிசை வாங்கிய கறுப்பினத் தலைவரை நினைவுகூர்ந்தார். ஆட்கள் ஒடுக்கப்படும் சில நாடுகளின் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் கணவர் கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தார். எங்கள் நாட்டின் பெயர் வரவில்லை.

“நல்லாத்தான் கதைக்கிறார்” என்று சொல்லி டிவியை நிறுத்திவிட்டார் கணவர்.

காலையில் மாமி தொலைபேசியில் அழைத்தார்.

“சொன்னவரே, மோனை?”

கணவர் என்னைப் பார்த்தார். “ஓம் அம்மா, சொன்னவர்.”

மாமி அழுவது எனக்கும் கேட்டது. “அப்ப அவனை விட்டிடுவாங்கள். நான் அவன்ரை சாரத்தைத் தோய்ச்சுக் காயப்போடுறன்” என்றார்.