வெடி கேட்டால் பாயும் கால்கள்

என் தம்பி பாரிசில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஊர்ச் சண்டையின் செல்லடி, பீரங்கிக் குண்டுச் சத்தம், கேட்டறியாத ஒரே பிள்ளை. பிரெஞ்சுக் கொடி போட்ட சட்டையோடு நானூறு மீற்றர் ஓடியவன். உக்ரைனில் சண்டை பிடிக்கப் பெயர் கொடுத்துவிட்டு, பயணம் சொல்லிப் போக லண்டன் மோர்டனில் நான் பிறகு குடியேறிய வீட்டுக்கு வந்தான்.

"உனக்கென்ன விசரோ? சண்டைக்குத் தப்பித்தானே நாங்கள் பிரான்சுக்கு வந்தது!" என்று கத்தினேன்.

"ஊரில செல் விழேக்க எங்களுக்கெண்டு ஒருத்தரும் வரேல்லை எண்டு நீங்கள்தானே அக்கா சொல்லுறனீங்கள்."

என் வாய் இத்தனை வருடத்தில் கொஞ்சமாவது சும்மா இருந்திருக்கலாம். ஆத்திரத்தில் கையிலிருந்த, பொரிக்கிற இரும்புத் தாச்சியை அடுப்படித் தொட்டிக்குள் எறிந்தேன். அந்தச் சத்தத்துக்குத் தம்பி கதிரையிலிருந்து பாய்ந்து கதவடிக்கே போய்விட்டான். பிறகு சிரித்தான்.

"பழக்கம் அக்கா. ஓட்டம் தொடங்க வெடி வைப்பினமெல்லோ?"

செல் விழும்போது எழும்பி ஓடியவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அவர்கள் தூரம் போகவில்லை.

"டேய், அங்க சத்தம் கேட்டா ஓடக்கூடாது. விழவேணும்."

கம்பளத்தில் நானே குப்புற விழுந்து காட்டினேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து. இந்த வயதில், இந்த உடம்போடு! அவன் தங்கி நின்ற நாட்களில் நினைத்தபோதெல்லாம் தாச்சியில் அகப்பையால் அடித்தேன். பல் துலக்கும்போது அடித்தேன், சோறு தின்னும்போது அடித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறையும் முதலில் கால் பாய்ந்தது, பிறகுதான் விழுந்தான். கடைசிவரை அந்தக் கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. அப்படியே உக்ரைனுக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன். கோயிலில் கண்ணை மூடினால் தேவாரம் வராது, "விழு, விழு" என்றுதான் வாயில் வரும்.

போன கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, செல் வந்தது. உடனே விழுந்திட்டன். கால் பாயேல்லை."

"முருகா! காயம் ஒண்டும் இல்லையே?"

"எனக்கு இல்லை. பக்கத்தில நிண்ட பெடியன் எழும்பி ஓடினவன். தூரம் போகேல்லை."

என் தம்பி இருக்கிறான் என்று என் நெஞ்சு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைக்க எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் எங்காவது ஓர் அக்கா இருந்தால், அவளுக்கு அந்நேரம் இன்னும் தொலைபேசி வந்திருக்காது.