தாசன் மாமாவின்ர குளிசை

தாசன் மாமா போயிட்டார்.

முந்தநாள் காலம, வேலை செய்யிற ரெஸ்டோரண்ட் குசினியில. வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவர் அப்பிடியே சரிஞ்சிட்டாராம். ஸ்ட்ரோக். ஹெலிகொப்டர் வந்து சூரிச்சுக்குக் கொண்டுபோனது... மத்தியானம் அவற்ர மனுசி செல்வி மாமி கோல் எடுத்தா. அவ வாய் திறக்க முதலே எனக்கு விளங்கிட்டுது.

நான் அவற்ர டொக்டர். டொக்டர்மார் இப்பிடி முகநூலில எழுதக் கூடாது, தெரியும். மாமிதான் "எழுது பிள்ளை, எல்லாத்தையும் எழுது, எங்கட சனம் வாசிக்கட்டும்" எண்டு சொன்னவ. அதாலதான் எழுதுறன்.

போன வருஷம்தான் இங்க சுவிஸில, ஊஸ்டர் டவுனுக்கு மேல, பஸ் கடைசியா வந்து திரும்புற கிராமத்தில வேலை தொடங்கினனான். பழைய டொக்டர் பென்ஷன் எடுத்திட்டார். ஊர்ச்சனம் வந்து கதவால எட்டிப் பாக்கும். "டொக்டர் இல்லையோ?" எண்டு என்னட்டையே கேட்பினம். நான்தான் எண்டால்... சரி, பிறகு வாறம் எண்டு போயிடுவினம்.

அந்த முதல் கிழமையில கோட் போட்டுக்கொண்டு வந்து இருந்த ஒரே மனுசன் தாசன் மாமா. அந்த ஊரில மாமா மாமியையும் என்னையும் விட்டால் வேற தமிழ் ஆக்கள் இல்லை. வருத்தமோ நோயோ ஒண்டும் இல்லையாம். "எங்கட பிள்ளை கதிரையில இருக்கேக்க வந்து பாக்காமல் விடுறதோ?" எண்டார்.

வந்தது வந்தீங்கள், கையை நீட்டுங்கோ எண்டு பிரஷர் பாத்தன்.

மெஷின் பிழை எண்டு நினைச்சன். மற்றக் கையில பாத்தன். அது அதைவிடக் கூட.

மாமா சிரிச்சுக்கொண்டே இருந்தார்.

இங்க கிராமத்தில டொக்டரே மருந்தும் குடுக்கிறது. குளிசை குடுத்தன், இறங்கேல்லை. கூட்டிக் குடுத்தன், இறங்கேல்லை. இன்னொண்டு சேர்த்தன்... ம்ஹும்.

பெட்டி முடியச் சொல்லி வைச்ச மாதிரி வந்து நிப்பார். "பெரிய பெட்டியாத் தாங்கோ பிள்ளை." இவ்வளவு ஒழுங்கான நோயாளி எனக்கு வேற இல்லை எண்டு வீட்டில புளுகித் திரிஞ்சனான், விசரி.

இரத்தம் சோதிச்சன், ஸ்கான் எடுப்பிச்சன், படிச்ச புத்தகம் எல்லாம் திருப்பிப் புரட்டினன். ஒண்டும் பிடிபடேல்லை.

பிறகு ஒருநாள் அவை வீட்டில சாப்பாடு. மாமா எனக்குக் கறி போடேக்க அகப்பை கையால நழுவி விழுந்தது. குனிஞ்சு எடுக்கப் பாக்கிறார், விரல் மடங்குதில்லை. "குளிர் பிள்ளை" எண்டார். சம்மர்! ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கு!

அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினன். இது சின்ன ஸ்ட்ரோக், அடுத்தது பெருசா வரும், கவனம் எண்டு அங்கயும் சொல்லித்தான் விட்டவை.

அவர் வீட்டை வந்தாப்போல பாக்கப் போனன். கதவடியில ஒரு பார்சல் கிடந்தது. ஆரோ மன்னாருக்குப் போகினமாம், மாமாவின்ர தம்பிக்குச் சாமான். சொக்லேட், சவுக்காரம், காலுக்கு ஒரு சோடி சப்பாத்து.

"சப்பாத்துக்குள்ள என்ன மாமா?"

"உங்கட குளிசைதான் பிள்ளை. தம்பிக்கு இப்ப பிரஷர் என்ன இறக்கம் தெரியுமோ!"

பெருமையாச் சொல்லுறார். பெருமையா!

எல்லாம் தம்பிக்கு. இவர் என்னட்டை வாற அண்டைக்கு மட்டும் ஒண்டு போடுவாராம். எனக்கு மரியாதைக்கு.

நான் கத்தின கத்தில கீழ்வீட்டு சுவிஸ்காரி வந்து பெல் அடிச்சவ. "அங்க ஆஸ்பத்திரியில சும்மா குடுப்பினம் மாமா, கிளினிக் இருக்கு!"

"அந்தக் குளிசை அவனுக்குப் பிடிக்காது பிள்ளை. சுவிஸ் குளிசை மாதிரி வருமோ? எனக்கென்ன, நல்ல காத்து, நல்ல தண்ணி." பிறகு குரல் இறங்கிட்டுது. "நான் வெளிக்கிட்டு வந்திட்டன். அவன்தான் அம்மாவோட நிண்டவன்... சண்டை முடியுமட்டும் நிண்டவன்."



அதுக்குப் பிறகு ஒவ்வொரு காலமயும் வேலைக்குப் போற வழியில என்ர முன்னால வந்து விழுங்கவேணும் எண்டு சட்டம் போட்டன். வாயைத் திறவுங்கோ, நாக்கைத் தூக்குங்கோ. ஆ எண்டு காட்டுவார். பிரஷர் இறங்கத் தொடங்கினது. அப்பாடா எண்டு இருந்தது.

பிறகு, "ஊர்ச்சனம் பாத்துச் சிரிக்குது பிள்ளை, வெக்கமாக் கிடக்கு. இனி வீட்டிலயே போடுறன், மாதா சத்தியம்" எண்டார்.

பிரஷர் திரும்ப ஏறினது. கேட்டால், கருவாடு திண்டிட்டன் எண்டார்.

நேற்று அவை வீட்டை போனன். கதவடியில இன்னொரு பார்சல்... கட்டி முடிச்சபடி.

தம்பி மன்னாரில இருந்து வீடியோவில அழுதுகொண்டு நிண்டார். முகம் அச்சு அசலா மாமாவேதான். "அண்ணைக்கு என்ன பிள்ளை நடந்தது?"

"பிரஷர் கூடி..."

"ஏன், அவர் குளிசை போடுறேல்லையோ?"

நான் மாமியைப் பாத்தன். மாமி போனை வாங்கினா. "உனக்குத்தானே தம்பி அனுப்பினவர்." கோவமில்லை. மெதுவாத்தான் சொன்னா.

அந்தத் தம்பி, டொக்டர் பிள்ளை தனக்கெண்டு வேறயாத் தாறா எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தவராம். போனைக் கட்டிலில போட்டிட்டு எழும்பிப் போனார், மேல சுத்திற ஃபான் மட்டும்தான் தெரிஞ்சது.

இண்டைக்குக் காலம தம்பியின்ர மனுசி மாமிக்கு மெசேஜ் போட்டிருக்கிறா. இருந்த குளிசை எல்லாத்தையும் கிணத்துக்குள்ள எறிஞ்சிட்டாராம். தலையிடி எண்டு எழும்பாமல் படுத்திருக்கிறாராம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாராம்...

விடியத் தொடக்கம் கோல் எடுத்துக்கொண்டே இருக்கிறன். தூக்கிறாரில்லை.

மன்னாரில ஆராவது இதை வாசிச்சால், அந்த வீடு தெரிஞ்சால், இண்டைக்கே போங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

மாமா, போயிட்டு வாங்கோ.

போற வழியில தம்பியிட்டை ஒருக்காப் போங்கோ. நான் சொல்லி அவர் கேக்கமாட்டார்... நீங்கள் சொன்னால் கேப்பார்.