எங்கள் நாய்க்கு மெட்ராஸ் ஐ

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்டில் போன மழைக்காலத்தில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் நாயின் இடது கண்ணோரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு உருண்டை துருத்திக்கொண்டு வர வேண்டும்?

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான விஞ்ஞானம். நாயோடு லிஃப்டில் ஏறினால் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். வாட்ச்மேன் மழையில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, "சார், அத்த இந்தாண்ட இட்னு வராத. பாத்தாலே ஒட்டிக்கும்" என்றார். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய் நாய்க்கே தன் கூலிங் கிளாஸை மாட்டிவிட்டாள். அது கழற்றிக் கடித்து வைத்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி போன் பண்ணினார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும் சார். இல்லன்னா வேற எங்கயாவது விட்டுடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "சரிங்க சார்" என்றேன்.

மேடவாக்கத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்த்ததும் சிரித்தார்.

"இது மெட்ராஸ் ஐ இல்ல சார். நாய்க்கு மூணாவதா ஒரு இமை இருக்கு. அதோட கண்ணீர்ச் சுரப்பி வெளிய பிதுங்கிடுச்சு. யாருக்கும் ஒட்டாது."

மூன்று வருஷமாகச் சோறு போடுகிறேன், மூன்றாவது இமை இருப்பது எனக்குத் தெரியாது. பூனைக்கும் கோழிக்கும்கூட உண்டாம். எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் தனியாக ஒரு சுரப்பி, பயந்துபோனால் ரத்தம் மாதிரி சிவப்பாகக் கசியுமாம். கடலாமை தேவையில்லாத உப்பையெல்லாம் கண் வழியாகவே கொட்டிவிடுமாம்.

"நமக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"மூக்கோரமா சின்னச் சிவப்பு மடிப்பு மட்டும் மிச்சம் சார்."

செல்போனில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். அற்பமாக இருந்தது.

"சரி டாக்டர், அந்த உருண்டைய வெட்டி எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை கெடு."

"வெட்டறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்தக் கண்ணுக்குக் கண்ணீர்ல கிட்டத்தட்ட பாதி அதுலேர்ந்துதான். போச்சுன்னா கண்ணு காஞ்சு, பார்வையே போயிடலாம். உள்ள தள்ளித் தைச்சுப் பாக்கலாம். சுரக்குதான்னு அப்புறம்தான் தெரியும்."

"பரவால்ல, வெட்டிடுங்க."

"முதல்ல இவரோடத வெட்டுங்க டாக்டர்" என்றாள் மனைவி. தைத்தார்கள். யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை செக்ரட்டரியிடம் நீட்டினேன். கையை முழுக்க நீட்டி, கடிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, கெடுவை வாபஸ் வாங்கினார்.

இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு நாய் மட்டும் நன்றாகக் குறட்டை விட்டது.

கடைசி நாள் டாக்டர் கோடு போட்ட மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அதன் கீழ் இமைக்குள் செருகினார். ஒரு நிமிஷத்தில் கண்ணீர் பதினைந்தாவது கோட்டைத் தாண்டி நனைத்தால் நல்லது என்றார். நான் நாயின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மூன்று கோடு நனைந்து அப்படியே நின்றது. பிறகு ஐந்து. பத்து. நிமிஷம் முடிந்தபோது பதினெட்டு.

"சூப்பர் சார். நல்லாவே சுரக்குது."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்டச் சொன்னது நான்தான் என்று அதற்குத் தெரியாது. கூம்பால் என் மூக்கை இடித்துக்கொண்டு வந்து முகம் முழுக்க நக்கியது.