கருகிய சரிவில் கெஸ்பான்

கெஸ்பானின் புருஷன் ஹிதிர் மரம் வெட்டுகிறவன். மலையிலிருந்து உருட்டிவிட்ட பைன் கட்டை ஒன்று திசைமாறி வந்து அவனைப் பாறையோடு வைத்து நசுக்கியது. நாற்பதாம் நாள் துவா முடிந்த அன்றே அவன் தம்பி துர்சுன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, இது எங்க அப்பா கட்டின வீடு. நீங்க உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க."

கெஸ்பான் கொதிக்கிற தேநீரைக் கெண்டியோடு அவன் காலில் ஊற்றினாள். அதோடு பேச்சு நின்றது. ஒருநாள் காலையில் அவளுடைய நாய் வேலியில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அடுத்த வாரம் துர்சுனுடைய ஆலிவ் கன்றுகள் பதினொன்றும் அடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தன. யார் செய்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. இப்படியே பத்து வருஷம் ஓடியது. மகள் நஸிஃபேக்குப் பத்தொன்பது வயதாயிற்று. கெஸ்பான் வீட்டை விடவில்லை.

ஆடுகளோடு அலைந்து வளர்ந்தவள், காடு அவளுக்கு அத்துப்படி. மார்ச்சில் உச்சிப் பனி உருகி, இரண்டு நாள் மழைக்குப் பின் வெயில் முதுகில் உறைக்கிற காலை வந்தால் ஊரே கூடையும் கத்தியுமாக மலையேறும். தேன்கூடு மாதிரிக் குழிகுழியாக இருக்கும், சந்தையில் நல்ல விலை போகும் குட்டிவயிற்றுக் காளானுக்குத்தான் அந்த ஓட்டம். அறுத்த ஆட்டுக்குட்டியின் வயிற்றைத் திருப்பிப் போட்டால் இப்படித்தான் இருக்கும். தன் இடம் எது என்று யாரும் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்வதில்லை.

முந்தின கோடையில் மேற்குச் சரிவு முழுக்க எரிந்திருந்தது. எரிந்த மண்ணில் அடுத்த வசந்தத்தில் காளான் கொட்டும். எல்லோரும் அந்தச் சரிவின் அடிவாரத்தில் முண்டியடித்துக்கொண்டிருக்க, கெஸ்பான் மகளோடு விடியும்போதே பாறை இடுக்கு வழியாக மேலே ஏறிவிட்டாள். கரித்தூண்களாக நின்ற பைன்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், கால் வைக்க இடமில்லாமல் காளான்கள் முளைத்திருந்தன. இருவரும் மளமளவென்று அறுத்தார்கள். இரண்டு கூடை நிறைந்தது.

ஈரமண்ணில் பதிந்த காலடியைப் பார்த்துக்கொண்டே துர்சுன் பின்னால் வந்திருக்கிறான். கையில் கைக்கோடாலி.

"ஆத்தாளும் மகளும் பெரிய வேட்டைதான் போல. கொழுந்தனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காட்டுக்கு வர உங்கிட்ட சீட்டு வாங்கணுமா? வந்த வழியே போயிடு."

"வீட்டை முழுங்கினது பத்தலையா? மலையையும் முழுங்கணுமா?"

ஒரு கூடையை எத்தினான். சிதறியதையெல்லாம் பூட்ஸ் காலால் நின்று மிதித்தான். நஸிஃபே மற்றக் கூடையை எடுக்கக் குனிந்தாள். அவளுடைய முக்காட்டோடு சேர்த்து முடியைப் பிடித்து இழுத்தான். கெஸ்பான் ஓடிவந்து காளான் கத்தியால் அவன் முன்கையைக் கிழித்தாள். அவன் மகளை விட்டுவிட்டு அவளை நோக்கிக் கோடாலியை ஓங்கினான். அவள் பின்வாங்கி, சறுக்காமலிருக்க இடது கையால் பக்கத்து மரத்தைப் பிடித்த நேரம் வெட்டு விழுந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கரியில் போய் விழுந்தன. கோடாலி மரத்தில் புதைந்துகொண்டது.

அவன் அதைப் பிடுங்க இழுத்துக்கொண்டிருந்தான். கெஸ்பானுக்கு வலி தெரியவில்லை. கத்தியை எறிந்துவிட்டுக் காலடியில் கிடந்த கல்லை எடுத்து அவன் தாடையில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"அம்மா, போதும். செத்துடுவான்."

"சாகட்டும்."

நஸிஃபே பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுத்துச் சாய்த்தாள். துர்சுன் புரண்டு படுத்துப் பல்லும் ரத்தமுமாகத் துப்பினான்.

இறங்க ஒரே பாதைதான். கையில் முக்காட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு கெஸ்பான் முன்னால் போனாள், மகள் நடுவில் போனாள். முப்பதடி பின்னால் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி துர்சுன் வந்தான். ஃபெத்தியே டவுன் ஆஸ்பத்திரியில் கெஸ்பான், துர்சுன் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள்.

ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு வந்து, வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடச் சொன்னார்கள். விசாரிக்க வந்த காவல்படை சார்ஜண்டும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"வழுக்கல சார்," என்றாள் கெஸ்பான். "எங்கொழுந்தன் வெட்டினான். நான் கல்லால அடிச்சேன். கொல்லத்தான் அடிச்சேன், மக புடிச்சுக்கிட்டா."

சார்ஜண்ட் பேனாவை நிறுத்தினார். "கடைசியில சொன்னதை விட்டுடலாமே, அம்மா."

"எதுக்கு விடணும்? எழுதுங்க. அவன் அண்ணன் வீட்டு நாயைத் தூக்குல போட்டதையும் எழுதுங்க. அவன் கன்னுங்களை வெட்டினது நான்தான், அதையும் எழுதுங்க."

பக்கத்துக் கட்டிலில் தாடைக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்த துர்சுன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்கு இரண்டரை வருஷம் உள்ளே. அவளுக்கும் தண்டனை எழுதினார்கள், ஆனால் அதை நிறுத்திவைத்துச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார்கள். ஊர் விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவள் என்று ரொட்டி சுடும் ஊர்ப் பொது அடுப்படியில் பெண்கள் அவளுக்கு இடம் விடவில்லை. அவள் வீட்டிலேயே தகட்டைப் போட்டுச் சுட்டுக்கொண்டாள். இடது கையில் மிஞ்சிய விரல்களால் காளான் தண்டைப் பிடித்து அறுக்கப் பழகினாள். ஆரம்பத்தில் பாதி நசுங்கியது.

விடுதலையாகி வந்த வசந்தத்தில் துர்சுனும் மலையேறினான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது, பேசினால் பாதிதான் புரியும். மேலே அம்மாவோடு காளான் அறுத்துக்கொண்டிருந்த நஸிஃபே அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "அம்மா, திரும்பிடலாமா?"

"நாம எதுக்குத் திரும்பணும்?"

துர்சுன் பாறை இடுக்குக்குக் கீழேயே நின்றான். சத்தமாக இருமி, தான் அங்கே இருப்பதைத் தெரியப்படுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துக் கிழக்குப் பக்கமாக நடக்கத் தொடங்கினான். இருமல் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து மறையும்வரை கெஸ்பான் விரித்த மடக்குக்கத்தியோடு நின்றாள். அப்புறம் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.